கையைக் கட்டச் சொன்ன வகுப்பு

காது கேளாத குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சியைச் சென்னையில் முடித்துவிட்டு நான் திருச்சிக்கு வந்தபோது என் டிரங்குப் பெட்டியில் இருந்தவை: முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டு, வாய்க் காற்றில் அசைகிறதா என்று பார்க்க மெல்லிய காகிதக் கீற்றுகள் ஒரு கட்டு, நாக்கை அழுத்தும் மரத்துண்டுகள் ஆறு, தொண்டையின் உட்புறத்தைக் காட்டும் படம் ஒன்று. இவற்றைக் கொண்டு எந்தக் குழந்தையையும் பேச வைத்துவிடலாம் என்று எனக்குச் சான்றிதழே கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் நடந்தது. பதினோரு குழந்தைகள். தலைமையாசிரியை ஒருவர், நான் ஒருத்தி.

நான் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பதினோரு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், கையால். நெற்றியில் விரலால் நாமம் இழுத்தால் ஸ்ரீரங்கம். தறியில் நாடா எறிவதுபோல் கையை வீசினால் உறையூர். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினால் தலைமையாசிரியை. யோசிக்கும்போது விரல்விட்டு எண்ணுவது என் பழக்கம். அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. கோயில் யானை கடைக்காரரின் வாழைத்தாரைப் பிடுங்கிய கதையை ஒருத்தி கையாலேயே சொல்லுவாள். மற்றவர்கள் சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து விழுவார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே வருவார். "கையைக் கட்டு!"

எந்தப் பள்ளிக்கூடத்திலும் இது ஒழுக்கம்தான். மற்றப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டும் பதில் சொல்லலாம். எங்கள் பிள்ளைகளுக்குக் கையைக் கட்டினால் பேச்சே நின்றுவிடும். இதை அவரிடம் பணிவாகச் சொன்னேன், படம் போட்டுச் சொன்னேன், கடைசியில் கோபமாகவும் சொன்னேன்.

"கைப்பேச்சுக்கு இடம் கொடுத்தா இதுங்க வாயே திறக்காதும்மா. மெட்ராஸ்ல உனக்குச் சொல்லித் தரலையா?"

"தந்தாங்க. ஆனா அங்கேயும் சாயங்காலம் ஹாஸ்டல்ல பிள்ளைங்க எல்லாம் கையாலதான் பேசிக்கும்."

"அப்ப அங்கேயும் கையைச் சரியாக் கட்டலைன்னு அர்த்தம்."

இந்த வாதத்துக்கு எந்தப் பயிற்சியிலும் பதில் கிடையாது. ஆகவே உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. பத்திலிருந்து பதினொன்று வரை கண்ணாடி முன்னால் பேச்சு வகுப்பு, அவருடையது. அதன்பின் எழுத்து வகுப்பு, என்னுடையது. நான் கதவைச் சாத்திக்கொள்வேன். பிள்ளைகளிடமிருந்து நான் கைமொழி கற்றேன். அவர்கள் அதன் வழியாகத் தமிழ் எழுதக் கற்றார்கள். முதலில் கை, பிறகு பலகையில் சொல், பிறகு வாக்கியம்.

அவர்களில் வேகமாக எழுதியவள் ஸ்ரீரங்கத்திலிருந்து குதிரை வண்டியில் வந்த ஒன்பது வயதுப் பெண். அவள் தகப்பனாருடையது கோயிலில் பாசுரம் சேவிக்கும் குடும்பம். பரம்பரை பரம்பரையாகக் குரலால் வாழ்ந்தவர்கள். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். "ஒரு தடவை 'ரங்கா'ன்னு வாய் திறந்து சொல்லட்டும், போறும்" என்பார். இரண்டு வருஷம் பொறுத்தார். பிறகு கெடு வைத்தார்: மார்கழி முடிவதற்குள் சொல்லாவிட்டால் பெண்ணை நிறுத்திவிடுவார்.

எத்தனையோ சொற்கள் இருக்க, இதையா கேட்க வேண்டும்? ப, ம என்றால் உதட்டைப் பார்த்தாவது பிடித்துக்கொள்ளலாம். 'ர' பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. 'ங்'கும் 'கா'வும் தொண்டையருகில். அந்தச் சொல்லில் குழந்தை கண்ணால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. விளக்கிச் சொன்னேன். "பெருமாள் திருநாமத்துல குத்தம் கண்டுபிடிக்கறேளே" என்று வருத்தப்பட்டார்.

மார்கழியின் கடைசி வாரத்தில், காலைச் சேவை முடிந்த கையோடு வந்துவிட்டார். தலைமையாசிரியை பெண்ணை அவர் முன்னால் நிறுத்தி, கையைக் கட்டச் சொல்லி, அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "சொல்லு."

கழுத்து நரம்பு புடைக்க அவள் முயன்றாள். "ஆ... ங்ங்" என்று ஒரு சத்தம் வந்தது. கீழே ஜவுளிக் கடையில் யாரோ சிரித்தார்கள். வேறு எதற்காகவோ இருக்கலாம்.

"ரெண்டு வருஷம்" என்றார் தகப்பனார். "நாளைலேருந்து அனுப்பலை."

"அவ நல்லா எழுதுவா" என்றேன். "ஏதாவது கேளுங்க. நாங்க சொல்லித் தந்திருக்க முடியாத விஷயமா இருக்கட்டும்."

அவர் சற்று யோசித்தார். "ரெண்டு மாசமா ஏன் சரியாச் சாப்பிட மாட்டேங்கறான்னு கேளுங்கோ. வைத்தியர் கொடுத்த கஷாயமெல்லாம் தீந்துபோச்சு."

தலைமையாசிரியை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கைகளை நான் பிரித்துவிட்டேன். கேள்வியைக் கையால் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பலகையை எடுத்து எழுதினாள்: 'அம்மா செத்துப் போனாள். யாரும் எனக்குச் சொல்லவில்லை.'

"ஐயையோ, என்ன எழுதறா இவ!" என்று அவர் பதறினார். "பிரசவத்துக்குன்னா கும்பகோணம் போயிருக்கா, பொறந்தாத்துக்கு!"

"இவகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? பாத்தா அழுவாளேன்னு, இவ ஸ்கூலுக்கு வந்திருந்த நேரமாப் பாத்து வண்டி ஏத்தினோம்."

விசாரித்தபோது தெரிந்தது: அதே வாரம் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இறந்து, பாடையில் கொண்டுபோனதை இவள் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா இல்லை. கணக்கு அவளாகவே போட்டுக்கொண்டாள். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த இரண்டு மாதமும் என் குறிப்பேட்டில் அவளுக்கு நேரே 'கவனம் போதாது' என்று வாரந்தோறும் எழுதிக்கொண்டிருந்தவள் நான். ஏன் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

மூக்குத்தி போடும் இடத்தைத் தொட்டு அம்மா என்றேன். பெரிய வயிறு, ரயில், அம்மாவின் அம்மா வீடு, கையில் குழந்தை, திரும்பி வருவது. மறுபடியும் செய் என்றாள். செய்தேன். மூன்றாவது தடவை முடிந்ததும் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

தகப்பனார் உத்தரீயத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலகையை இன்னொரு தடவை படித்தார். பிறகு அவர் சொன்னதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

"பேஷ், நன்னா எழுதறாளே! அப்போ படிப்பு முடிஞ்சுடுத்து. இனிமே எதுக்கு இவ்வளவு தூரம் வண்டி வெச்சு அனுப்பணும்?"

எனக்கு நான்கு பதில்கள் வந்தன. நான்கும் பெரியவர்களிடம் சொல்லக்கூடாதவை. அவற்றில் குறைந்த பாவம் எது என்று நான் தேடுவதற்குள் தலைமையாசிரியை குறுக்கிட்டார்.

"எப்படிங்க முடியும்? பேச்சு இன்னும் வரலையே! 'ர' வரணும், 'ங்' வரணும். அரைகுறையா என்கிட்டேருந்து ஒரு பிள்ளை போனதில்லைங்க. பங்குனி வரைக்கும் விடுங்க."

"பங்குனிக்குள்ள வந்துடுமா?"

"வரும்."

வராது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தகப்பனார் என் பக்கம் திரும்பினார். "நீங்க பயிற்சி எடுத்தவா. நீங்க சொல்லுங்கோ."

"வரும்" என்றேன்.

இரண்டு வருஷமாக நான் எதிர்த்துச் சண்டை போட்ட வகுப்புதான் அவளைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைத்தது. நான் உயிரைக் கொடுத்து நடத்திய வகுப்பு அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். இதில் யாரிடம் கோபித்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவள் வழக்கம்போல் கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டாள். பதினொன்றுக்கு என் அறைக்கு வந்து, கதவைத் தானே சாத்தினாள். கையால் கேட்டாள்: அம்மாவுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்குக் காது கேட்குமா?

தெரியாது என்றேன்.

கேட்காமல் இருந்தால் நானே சொல்லித் தருவேன், கேட்டால் அது என்னோடு எப்படிப் பேசும் என்றாள். அதை எழுது, அப்பாவிடம் கொடு என்றேன். பலகையில் இடம் போதவில்லை. காகிதம் கொடுத்தேன்.