வாளியில் வெள்ளை வேட்டி

விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினால் ராஜாம்பாள் கொடியிலிருந்து அந்த எட்டு முழ வேட்டியை உருவி, வாளித் தண்ணீரில் அமுக்கிவிடுகிறாள். அழுக்கே இல்லாத வேட்டி. காலையில்தான் பிழிந்து உலர்த்தியிருப்பாள். வாசலில் காத்திருக்கும் பிள்ளைகள் அது சொட்டச் சொட்ட மேலே வருவதைப் பார்த்துவிட்டு, "அவ்ளோதான், வாங்கடா" என்று கலைகிறார்கள்.

அந்த வேட்டிதான் தெருவின் சினிமாத் திரை. அவள் கணவர் கிருஷ்ணசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்த சிப்பாய்; தெருவுக்கு அவர் 'சொல்தா'. பென்ஷனோடு அவர் கொண்டுவந்தது, கையால் சுற்றிப் படம் காட்டும் ஒரு மெஷின். முற்றத்தில் தினமும் ஆட்டம் நடந்தது. பிள்ளைகள் பாடத்தை மறந்தார்கள், சோற்றையும் மறந்தார்கள். கடைசியில் எதிர்வீட்டு வசந்தா நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்து, மெஷினை வீட்டைவிட்டு அனுப்பியாக வேண்டும் என்றாள். அவள் மகன் தூக்கத்தில்கூடக் கையைச் சுற்றுகிறானாம்.

கிருஷ்ணசாமி மெஷினைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார். அந்தக் கைகளைப் பார்க்க ராஜாம்பாளுக்குத் தாங்கவில்லை. "மெஷினு இருக்கட்டும் வசந்தா. துணி எங் கையிலதான இருக்குது. ஞாயித்துக்கிழம ஒரே ஒரு படச்சுருளு. மத்த நாள்ல நனைச்சுப் போட்டுடறேன். தவறுனா மெஷின நீயே வந்து தூக்கிக்கினு போ."

அன்றுமுதல் வேட்டிக்குத் தினமும் குளியல். பிள்ளைகளின் முகம் தொங்குவதைப் பார்க்கும்போது அவளுக்கே ஒரு சந்தேகம் வரும். தனக்கென்று ஒரு பிள்ளை இருந்திருந்தால் இப்படி நனைப்போமா? பதில் கிடைப்பதற்குள் வேட்டி நனைந்திருக்கும்.

பொங்கலுக்கு முற்றத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்தப் புதன்கிழமை அவள் தெருக்குழாயில் நின்றபோது வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம். ஓடிவந்து பார்த்தால், வேட்டியே இல்லாமல் வெள்ளைச் சுவரில் படம் ஓடுகிறது. சுற்றுகிறவர் சொல்தா. வசந்தா தேங்காய்த்திட்டிலுள்ள அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் மெஷின் பிழைத்தது. மறுநாள் பால்காரர் வீட்டுச் சாணியை வாங்கிவந்து சுவர் முழுக்க வறட்டி தட்டினாள் ராஜாம்பாள். "இப்ப தெரியுதா பாக்கறேன்" என்றாள். கிருஷ்ணசாமி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ராஜாம்பாளின் கை, பழக்கதோஷம், வேட்டியை எடுத்து வாளியில் அமுக்கிவிட்டது. பிள்ளைகள் வாளியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. "சரி, சுவத்துலயே காட்டுங்க."

படத்தில் நாய்க்குப் பயந்து ஓடும் தொப்பிக்காரனுக்கு முகமெல்லாம் வறட்டி. கன்னத்தில் ஒன்று, மூக்கு இருந்த இடத்தில் ஒன்று. பிள்ளைகள் தரையில் புரண்டார்கள். முதன்முறையாக ராஜாம்பாளும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து பார்த்தாள். மகனைச் சாப்பிட இழுத்துப்போக வந்த வசந்தா, கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்றவள் நின்றவள்தான்.

நாய் தொப்பிக்காரனின் கால்சட்டையைக் கவ்வும் நேரத்தில் சுருள் தீர்ந்தது. வறட்டிகள் மேல் வெறும் வெளிச்சம் நின்றது. கிருஷ்ணசாமி மெஷினை மூடச் சாக்கை எடுத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அந்த நாயி அவன உட்டுதா இல்லியா?" கேட்டது வசந்தா.

ராஜாம்பாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்துக்குள் கையை நீட்டி, இன்னும் ஒன்று என்று ஒரு விரலைக் காட்டினாள். அந்த விரலின் நிழல் சுவரில் கூரை ஓடு வரைக்கும் எழுந்து நின்றது.