பள்ளிக்கூட வாசல் புகழேந்தி

ஆட்டோவைப் பின்னுக்கு எடுத்துப் பள்ளிக்கூட வாசலை ஒட்டிய புங்கமர நிழலில் நிறுத்துவதற்குள்ளேயே புகழேந்திக்கு அன்றைய சேதி பாதி தெரிந்துவிடும். வண்டி நிற்கும்வரை பொறுக்காமல் சந்திரகலா பக்கத்திலேயே நடந்து வந்து சொல்லத் தொடங்கிவிடுவார். "இரும்மா, பிரேக்க புடிச்சிக்கறேன். அப்புறம் இன்னா சொன்னா உம் பொண்ணு?" என்று கேட்டபடியே இறங்கி, பின்சீட்டைத் துண்டால் ஒரு தட்டு தட்டுவார். உட்காரலாம் என்று அதற்கு அர்த்தம்.

பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு உண்டு. அது முடிகிற நேரம் அன்றன்றைக்கு ஆசிரியையின் மனநிலையைப் பொறுத்தது. காத்திருக்கும் பெற்றோர் உட்கார வாசலில் ஒரு கல் கூடக் கிடையாது. ஆகவே புகழேந்தியின் ஆட்டோதான் எல்லாருக்கும் வரவேற்பறை. அம்மாக்கள் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்காருவார்கள். அப்பாக்கள் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். புகழேந்தி டிரைவர் சீட்டில் குறுக்காகத் திரும்பி, ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, எல்லார் முகமும் தெரிகிற மாதிரி அமர்ந்திருப்பார்.

வயது நாற்பத்தைந்து இருக்கலாம். காக்கிச் சட்டையின் மேல் பித்தான் எப்போதும் திறந்தே இருக்கும், வாயைப் போல. வீடு அடி அண்ணாமலையில். வண்டி செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில். வெளிநாட்டுக்காரர்களை மலை சுற்ற ஏற்றிக்கொண்டு போய்ப் போய், எத்தனையோ மொழிகளில் நலம் விசாரிக்கத் தெரியும். பதில் என்ன வருகிறது என்று மட்டும் தெரியாது. அதற்காக அவர் விசாரிப்பதை நிறுத்தியதில்லை. "வாய மூடிக்கினு வண்டி ஓட்டுனா எனக்கு தூக்கம் வந்துடும் சார். உங்க நல்லதுக்குத்தான் பேசறேன்" என்று சவாரிக்காரர்களிடம் சொல்லிவிடுவார்.

வாசலில் அவர் பேச்சுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு விஷயம் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஒரு விஷயம் கொடுத்தாக வேண்டும். கொடுப்பதற்கு அவரிடம், அதே வகுப்பில் படிக்கிற மகள் மதிவதனி இருந்தாள். "நேத்து எம் பொண்ணு கணக்கு டெஸ்ட்ல கம்மி மார்க்கு வாங்கிட்டு, பேப்பர அரிசி டப்பாவுல ஒளிச்சி வெச்சிக்கிறா" என்று தொடங்குவார். உடனே சந்திரகலாவுக்குத் தன் மகள் அபிநயா ஞாபகம் வந்துவிடும். அவள் கண்ணாடி முன்னால் நிற்கிற நேரம், புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிற தூக்கம் எல்லாம் வெளியே வரும். கீழ்பென்னாத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் கோதண்டராமன் கொஞ்சம் அழுத்தமான ஆள். அவரே தன் பெண் சோற்றுக்குக் கோபித்துக்கொண்டு பட்டினி கிடந்ததைச் சொல்லிவிட்டு, "வெளிய சொல்லிடாத புகழு" என்பார். "நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்பார் புகழேந்தி. மறுநாள் அது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கெட்ட எண்ணம் துளிக்கூடக் கிடையாது. கையில் இருக்கிற வெல்லக்கட்டியைத் தனியாகத் தின்ன மனம் வராத பிள்ளையைப் போன்றவர்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சல் பயம் ஊருக்குள் வந்தது. புனேயில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டதாக டி.வி.யில் காட்டினார்கள். இங்கே மருந்துக் கடையில் முகமூடி தீர்ந்துபோக, ஆளாளுக்குக் கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தைத் தெளித்துக் கட்டிக்கொண்டார்கள். புங்கமரத்தடியில் மார்க் பேச்சு நின்று தும்மல் பேச்சு வந்தது.

"தும்முனா வூட்டுக்கு அனுப்பிடறாங்களாம். எம் பொண்ணு அடக்கி அடக்கி மூக்கே செவந்துபோச்சி" என்றார் கோதண்டராமன்.

"அபிக்கு இருமல் வந்தா பைக்குள்ள மூஞ்சிய வுட்டுக்கினு இருமறாளாம்ணா. பக்கத்துல மதி உக்காந்து மறைச்சிக்கறாளாம்" என்றார் சந்திரகலா.

எல்லாரிடமும் ஆளுக்கொரு கதை இருந்தது. புகழேந்தியிடம் எல்லாவற்றையும் விடப் பெரிய கதை இருந்தது. அன்று காலைதான் நடந்தது. அவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

ஆசிரமத்துக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்த வயதான ஜெர்மன்காரம்மாவுக்குக் காய்ச்சல். புகழேந்திதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் தொண்டையில் பஞ்சு வைத்துச் சளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, அந்த அம்மாளைத் தனி அறையில் படுக்க வைத்துவிட்டார். நடந்தது இவ்வளவுதான். புகழேந்தி சொன்னது இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி.

"காய்ச்சல்னா காய்ச்சல், அப்டி ஒரு காய்ச்சல்! உக்கார முடியல பாவம். முன்னால சாஞ்சி எம் முதுகு மேலயே படுத்துக்கினு வந்திச்சி. முதுகு அப்டியே சுடுது. கழுத்துலயே மூச்சு வுடுது!"

உண்மையில் அந்த அம்மாள் வழி நெடுகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். முதுகும் மூச்சும் புகழேந்தி போட்ட தாளிப்பு. கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தார். அவர்களோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். "இந்த சீட்டுலயாண்ணா?" என்று கேட்டபடி சந்திரகலா துள்ளி இறங்கினார். மற்ற அம்மாக்கள் இன்னொரு பக்கமாக இறங்கினார்கள். கோதண்டராமன் கம்பியிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். நிமிஷத்தில் வண்டி காலியாகிவிட்டது.

மறுநாள் முதல் மணி அடித்ததும் மதிவதனியைத் தனியாகக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மத்தியானம் தலைமையாசிரியை புகழேந்தியை வரச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. சோதனை முடிவு வரும்வரை பெண் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

"மேடம், எம் முதுகுல யாரும் சாயலீங்க. அது நானா சும்மா சேத்து சொன்னதுங்க. தூரமாத்தான் உக்காந்திருந்திச்சி அந்தம்மா."

"எல்லாரும் இப்படித்தான் பயந்து மாத்திச் சொல்றாங்க" என்றார் தலைமையாசிரியை. புகழேந்தி இட்டுக்கட்டிய எதையும் இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. முதல் முறையாக உள்ளதை உள்ளபடி சொன்னார், நம்ப ஆள் இல்லை.

வீட்டில் அவர் மனைவி எழிலரசிக்கு ஆறவேயில்லை. "சாதி பாத்து பள்ளிக்கூடத்துல தனியா உக்கார வெச்சாங்கன்னு எங்கம்மா சொல்லும். அதெல்லாம் முடிஞ்சிபோச்சின்னு நெனச்சேன். உன் வாயாலயே எம் பொண்ணுக்கும் அத வாங்கிக் குடுத்துட்டியே" என்றாள். மதிவதனி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீதான் சொன்னியாப்பா?" அவர் தலையாட்டினார். அவள் சீருடையைக் கூடக் கழற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்குவதை அவர் பார்த்தார். அதன் பிறகு அவள் அவருடன் பேசவில்லை.

காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பாடம் தவறிப்போகுமே என்ற கவலை ஒரு பக்கம், மகள் முகம் கொடுக்காத வேதனை ஒரு பக்கம். மகள் உள்ளே இல்லாத பள்ளிக்கூட வாசலுக்கு மறுநாளும் வழக்கம்போல வந்து சேர்ந்தார். புங்கமரத்தடியில் நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். அவரே புரிந்துகொண்டு வண்டியை ரோட்டின் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். பிள்ளைகள் வெளியே வந்ததும் கத்தினார்.

"அபி! இன்னிக்கி இன்னா நடத்துனாங்க?"

அபிநயா நோட்டோடு ரோட்டைக் கடக்கப் பார்த்தாள். சந்திரகலா அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஆனால் சந்திரகலாவின் முகமும் வாடித்தான் இருந்தது. "நீங்க அங்கியே நில்லுங்கண்ணா. இவ இங்கிருந்தே படிச்சி காட்டட்டும்" என்றார்.

பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டுக்குக் குறுக்கே உயிரியல் வகுப்பு நடந்தது. இந்தப் பக்கம் அபிநயா ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பாள். அந்தப் பக்கம் புகழேந்தி கையைக் கட்டிக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்வார். எட்டாவதோடு படிப்பை விட்டவர்தான். ஆனால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எதற்கு அழுதது என்பதை வருஷக்கணக்கில் மறக்காத தலை அது. அதற்குள் நுண்ணுயிரியலும் அப்படியே ஏறிக்கொண்டது. வழியில் மறந்துவிடக் கூடாது என்று சவாரி ஏற்றாமல், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மலையைச் சுற்றி வீடு வந்து சேர்வார்.

சமையலறைக் கதவோரம் உட்கார்ந்து ஒப்பிப்பார். "இன்னிக்கி வைரஸ். அதுக்கு உசுரு கீதா இல்லியான்னு படிச்சவங்களுக்கே சண்டையாம். உள்ள பூந்தாத்தான் வேலைய காட்டும், வெளிய இருந்தா வெறும் தூசாம்." மதிவதனி நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொள்வாள். பாடம் முடிந்ததும் அவர் வாய் நிற்காது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே காதில் வாங்கிய வாசல் சேதியும் கூடவே வரும். நேற்று கோதண்டராமன் பெண் மயங்கி விழுந்தது, அபிநயாவை அவள் அம்மா அறைந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். மகளைச் சிரிக்க வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

ஒரு சாயங்காலம் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மதிவதனி பேனாவை வைத்துவிட்டாள்.

"அபி அடி வாங்குனது எனக்கு தெரியும்னு அவளுக்கு தெரியாதுப்பா. தெரிஞ்சா செத்துடுவா. இதெல்லாம் ஏம்ப்பா எங்கிட்ட சொல்ற?"

புகழேந்திக்கு மகள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் கேள்வி காதில் விழவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"இங்க வந்து அவள பத்தி சொல்ற. அங்க போயி என்ன பத்தி சொல்ற. அரிசி டப்பா பேப்பர் வரைக்கும் எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். அதெல்லாம் என்னுதுப்பா. உன்னுது இல்ல." அவள் குரல் இறங்கியது. "நான் அழுதத மட்டுமாவது சொல்லாத. திரும்பப் போயி நான் அவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும்."

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது இவ்வளவு பெரிய பெண் ஆனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெருவில் எத்தனையோ பேருக்குத் தெரிந்த தன் மகளைத் தனக்குத்தான் சரியாகத் தெரியவில்லையோ என்று நினைத்தார். "சொல்லமாட்டேம்மா" என்றார். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை. அவருக்கே அவர்மேல் நம்பிக்கை இல்லை. வாழ்க்கையில் ஒரு விஷயத்தையாவது அவர் உள்ளேயே வைத்திருந்ததாக யாரும் சொன்னதில்லை.

சோதனை முடிவு வந்தது. ஜெர்மன்காரம்மாவுக்குப் பன்றிக் காய்ச்சல் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். அதற்குள் அந்த அம்மாள் எழுந்து கடைத்தெருவில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தார். மதிவதனி பள்ளிக்குத் திரும்பினாள். அவளுடைய பழைய பெஞ்சில் அபிநயா பக்கத்து இடத்தைக் காலியாகவே வைத்திருந்தாள்.

அன்று மாலை ஆட்டோ மறுபடியும் புங்கமரத்தடிக்கு வந்தது. முதலில் யாரும் கிட்டே வரவில்லை. பிறகு சந்திரகலா வந்து, தன் முந்தானையாலேயே பின்சீட்டைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. ஒரே பொண்ண வெச்சிக்கிறேன், பயந்துட்டேன்" என்றார். "நானா இருந்தாலும் அப்டித்தான் இறங்கியிருப்பேன், வுடும்மா" என்றார் புகழேந்தி. கோதண்டராமன் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் பழையபடி சேர்ந்துவிட்டது.

சந்திரகலா முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அது கெடக்கட்டும். மதி வூட்ல எப்டி இருந்திச்சி? ரொம்ப அழுதுச்சாண்ணா?"

எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவரிடம் இதுவரை இருந்த கதைகளிலேயே நல்ல கதை அது. கழற்றாத சீருடை, சுவர்ப் பக்கம் திரும்பிய முகம், குலுங்கிய முதுகு என்று எல்லாம் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. தாளிப்பே தேவையில்லை. பள்ளிக்கூடக் கதவு திறந்து முதல் பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கினார்கள்.

புகழேந்தி மடித்த காலை இறக்கினார். முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். குனிந்து லிவரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். வண்டி உதறிக்கொண்டு படபடவென்று கத்தத் தொடங்கியது. சும்மா நிற்கிற வண்டியில் ஒரு சொட்டுப் பெட்ரோல் எரியவிட மனம் வராதவர் அவர். பின்னாலிருந்து சந்திரகலா என்னவோ கேட்டார், உதடு அசைவது மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. புகழேந்தி காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். பிறகு ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.