தொடுவதற்கு முன் ஒரு கேள்வி

பாமன்கடைச் சந்தியில் ஒரு கார் என்னை இடித்து விழுத்திவிட்டு நிற்காமலே போனது. மறுநாள் காலை, முழங்கைக் கட்டோடு, வளைந்த சைக்கிளை வெள்ளவத்தையில் ஒரு திருத்துமிடத்துக்குத் தூக்கிப் போனேன். அங்கிருந்தவர் அறுபதைத் தாண்டிய மெலிந்த முஸ்லிம் மனிதர். உடுத்திருந்த சாரமெல்லாம் கிரீஸ். சைக்கிளைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிவந்தார்.

"ஓட்டின ஆள் உயிரோட இருக்காரா?"

"சைக்கிள் ஓடினது நான்தான், நானா."

"பொலிஸுக்குக் காட்டினீங்களா?"

"இல்லை. நம்பரும் பாக்கேல்லை. திருத்தித் தந்தால் காணும்."

"காட்டிட்டு வாங்க தம்பி. அதுவரைக்கும் கை வைக்கமாட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"முந்தி ஒரு தகப்பன் மகன்ட சைக்கிளக் கொண்டுவந்தார். மகன் ஆசையா வச்சிருந்தது, நல்லாக்கித் தாங்க எண்டார். மகன் கார் அடிச்சு மௌத்தானத அவர் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. புதுசு மாதிரி செஞ்சு குடுத்தேன். பொறகு வழக்கு கோட்ஸ்ல வந்தப்ப கார்க்காரன், நான் இடிக்கவே இல்ல எண்டான். காட்டுறதுக்கு ஒண்டும் மிஞ்சல்ல."

சைக்கிளைப் பொலிஸில் காட்டி முறைப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பின்னேரம்வரை குனிந்தபடியே வேலைசெய்து முடித்தார். என்னை இடித்த கார் இன்றுவரை அகப்படவில்லை.

புறப்படும்போது கேட்டேன்: "அந்தத் தகப்பன் பிறகு வந்தவரோ?"

"மாசாமாசம் வாறார், சைக்கிளுக்குக் காத்தடிக்க. நல்லாச் செஞ்சு தந்தீங்க எண்டு இன்னும் சொல்றார்."

அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.