ஒரே பேரில் எல்லாக் கல்லும்

பழவேற்காடு கடைத்தெருவில் பூவிழி ஜிபிஎஸ் பழுது பார்க்கிறாள். கோட்டைக்குப்பத்துப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள். மீன் கிடைக்கும் இடத்தையும் வலையைக் கிழிக்கும் பாறையையும் படகுக்காரர்கள் அந்தக் கருவியில்தான் குறித்து வைப்பார்கள். சில பழுதுக்குக் கருவியை முழுக்கத் துடைக்க வேண்டும்; துடைத்தால் குறித்ததெல்லாம் போய்விடும். அதற்காக அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். பேரைக் கொடுத்தால் தேடாமலே இடத்தைக் காட்டும் ஹாஷ் டேபிள் அது. அதைப் பைனரி ஃபைலாகச் சேமித்துவைத்து, துடைத்த பிறகு திரும்ப ஏற்றிவிடுவாள். வேறு யாராவது அந்த ஃபைலைத் திறந்தால் பூச்சி பூச்சியாகத்தான் தெரியும். படகுக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான். இங்கே ஒருவன் தன் இடத்தைச் சொந்த மச்சானிடம்கூடச் சொல்ல மாட்டான். ஒருவர் ஃபைலை இன்னொருவருக்குத் தர மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் அவள் கடையே ஓடுகிறது.

தாமோதரன் இந்த ஒளிவுமறைவில் எல்லாரையும் மிஞ்சியவர். கருவியே களவு போனாலும் எவனுக்கும் ஒன்றும் புரியக்கூடாது என்று அத்தனை இடத்துக்கும் 'கல்' என்றே பேர் வைத்திருந்தார். திரையில் புள்ளி நிற்கும் இடத்தைப் பார்த்து எது மீன், எது பாறை என்று அவர் கண்டுகொள்வார். பாவம், பூவிழிக்கு இது தெரியாது. அவளுடைய டேபிளில் ஒரு பேருக்கு ஒரு இடம்தான். பின்னால் வந்த கல் ஒவ்வொன்றும் முன்னால் இருந்த கல்லைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. சேமித்தாள், துடைத்தாள், ஏற்றினாள். திரையில் ஒற்றைப் புள்ளி வந்து நின்றது.

"இன்னாம்மா இது? மத்ததெல்லாம் எங்க?" என்றார் தாமோதரன்.

டேபிளைத் திறந்து பார்த்ததும் பூவிழிக்கு நடந்தது புரிந்தது. மழுப்பவில்லை.

"போச்சி பெரியப்பா. என் தப்புதான். எல்லாத்துக்கும் ஒரே பேரு இருக்கும்னு நெனைக்கல."

"ஆயுசு பூரா அலைஞ்சி குறிச்சது, பூவு! இனிமே குருடனாட்டம் கடலுக்குப் போவணுமா?"

கருவியை மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

தாமோதரனுக்கு இளவழகன் என்று ஒரு தம்பி. ஒரு காலத்தில் இருவருக்கும் ஒரே படகு. இருவரும் குறித்தது ஒரே இடங்களைத்தான். படகைப் பிரித்த சண்டையிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அந்த இளவழகனின் ஃபைல் பூவிழியின் கம்ப்யூட்டரில் இருந்தது. பேர்களை மாற்றி, யாருக்கும் தெரியாமல் தாமோதரனின் கருவியில் ஏற்றிவிடலாம். கை மவுஸ் வரைக்கும் போயிற்று. சீ, இது என்ன பிழைப்பு என்று கையை எடுத்துக்கொண்டாள். கடையைச் சாத்திவிட்டு, இளவழகன் வலை சீர்செய்யும் இடத்துக்கு நடந்தாள்.

நடந்ததைக் கேட்டு அவர் முதலில் சிரித்தார்.

"எல்லாத்துக்கும் கல்லா! அது புத்தி அப்பிடி." பிறகு சிரிப்பு அடங்கியது. "என்னுத ஏத்திக் குடு. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாத."

"நீ வெச்ச பேரெல்லாம் கூடவே வரும் சித்தப்பா. பாத்தா தெரிஞ்சிடும். மாத்திடட்டா?"

இளவழகன் கையிலிருந்த முடிச்சைப் போட்டு முடித்தார்.

"வாணாம். இருக்கட்டும்."

பூவிழி முதல் வேலையாகப் புரோகிராமைத் திருத்தினாள். இனி ஒரே பேரில் எத்தனை வந்தாலும் தனித்தனியாக நிற்கும். பிறகு இளவழகனின் ஃபைலை ஏற்றித் தாமோதரனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

திரை நிறையப் புள்ளிகள். தாமோதரன் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நண்டுப் பள்ளம். கிழிச்சான் பாறை. யார் வைத்த பேர் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு புள்ளியில் விரல் நின்றது. அது அவருடைய கருவியில் எப்போதுமே இருந்ததில்லை. 'அண்ணன் தூக்கின இடம்' என்றிருந்தது.

"அலை அடிச்சி கடல்ல வுழுந்துட்டான் தம்பி. முடியப் புடிச்சி இழுத்துப் போட்டேன்," என்றார். "அங்க இன்னா மீனா கீது, அத்தப் போயி குறிச்சி வெச்சிக்கிறான்?"

அந்தப் புள்ளியிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டார்:

"கடல்லயா கீறான், கரையிலயா?"

"கரையிலதான் பெரியப்பா. வலை பாக்கறாரு."

தாமோதரன் கருவியை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், வலை சீர்செய்யும் இடத்தைப் பார்த்து நடந்தார்.