நடுவில் ஒரு மெஷின்

சங்கரன்கோவிலில் யார் வீட்டிலாவது நெட் மெதுவாக வந்தால் ஆனந்தகுமாரைத்தான் கூப்பிடுவார்கள். வாசுதேவநல்லூர், ராயகிரி என்று பைக்கிலேயே போய்வருவார். போனதும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். மோடத்திலிருந்து வயரைக் கையில் பிடித்துக்கொண்டே வருவார். நடுவில் தேவையில்லாமல் ஏதாவது உட்கார்ந்திருந்தால் கழற்றிப் போடுவார். பாதிக் கோளாறு அதோடு போய்விடும். மீதி, நெட் எந்த வழியாக வரவேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ கையால் போட்டுவைத்த ஐபி நம்பர்கள். அவற்றை அழித்து, தானாக எடுத்துக்கொள்ளும்படி விட்டால் பக்கங்கள் மளமளவென்று திறக்கும்.

அவர் வீட்டு நெட் மட்டும் நகரவில்லை.

மனைவி ஹெலன் இறந்து எட்டு மாதமாகிறது. வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை பார்த்தவள். இணைப்பு முதலில் அவள் கம்ப்யூட்டருக்குத்தான் வந்தது. மகள் சுகிர்தாவுக்கு இன்னொன்று வாங்கியபோது, அதன் வயரை ஹெலனுடையதில் சொருகி, அந்த வழியாகவே நெட் போகும்படி ஆனந்தகுமார்தான் நம்பர் போட்டுக் கொடுத்தார். அது பழைய மெஷின், வரவர மூச்சு வாங்கியது. ஹெலன் போனபிறகு அவர் அதை ஒருநாளும் நிறுத்தவில்லை. சுகிர்தா நெட்டில் எதைத் திறந்தாலும் அதன் பின்பக்கம் பச்சை விளக்கு சிமிட்டும். அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார்.

மகள் கேட்டபோதெல்லாம் ரோட்டில் கேபிள் வேலை நடக்கிறது என்றார். செல்போன் சிக்னலும் அந்தச் சந்துக்குள் எட்டாது. போன வாரம் சென்னைக் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூவில், மூன்றாவது கேள்விக்கு மேல் சுகிர்தாவின் குரல் போய்ச் சேரவில்லை. வியாழக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம், அதுதான் கடைசி என்று மெயில் வந்தது. அப்பாவிடம் சொல்லாமல், பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரின்ஸை வரச்சொன்னாள்.

ஆனந்தகுமார் வீட்டில் இருக்கும்போதே அவன் வந்துவிட்டான்.

“உங்க வீட்டுக்கு நான் ரிப்பேர் பாக்க வந்தேன்னா ஊருல ஒருத்தனும் நம்பமாட்டான் அண்ணாச்சி” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறந்தான். சிரிப்பு நின்றது.

“அண்ணாச்சி, நடுவுல ஹெலன்னு ஒரு மெஷின் நிக்குது.”

டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி பிரின்ஸ் வெளியே போனான்.

“போன வாரமும் இதனாலதான்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியும் மக்கா.”

சுகிர்தா நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் நம்பர்களை ஒவ்வொன்றாக அழித்தார். எத்தனையோ வீடுகளில் அரை நிமிஷத்தில் முடித்த வேலை. பிறகு மேஜைக்கடியில் குனிந்து, ஹெலனின் மெஷினிலிருந்து வயரைப் பிடுங்கி மோடத்தில் சொருகினார். பச்சை விளக்கு அணைந்தது. மேலே சுகிர்தாவின் திரையில் பக்கம் உடனே திறந்தது.

ஹெலனின் மெஷினுக்குள் காற்றாடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் தகரத்தில் கையை வைத்தார். சூடு இருந்தது.

“இதையும் நிப்பாட்டிரவா?” என்று கீழே இருந்தபடியே கேட்டார்.

சுகிர்தாவும் குனிந்து அந்தத் தகரத்தில் கையை வைத்தாள்.

“வியாழக்கிழமை கழியட்டும்ப்பா” என்றாள்.