கிணற்றுப் பக்கத்துத் துண்டு

பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. தபால்காரர் மணி அடித்தாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சு பக்கென்னும். "உனக்குப் பயப்பட ஒண்டும் கிடைக்காட்டி, ஏன் ஒண்டும் கிடைக்கலயெண்டு பயப்படுவாய்" என்பார் என் கணவர். ஆனால் இந்த முறை காரணம் இருந்தது. கையெழுத்தும் முத்திரையுமாக, பழைய ஆங்கிலத்தில், ஏழு பக்கத்தில் இருந்தது.

அதைக் கொண்டுவந்தவர் டீச்சர். நானும் டீச்சர்தான். கல்முனையில் ஒரே பெண்கள் பாடசாலையில் நான் ஆங்கிலமும் அவர் கணக்கும் படிப்பித்தோம். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் நான் அவரை டீச்சர் என்கிறேன், அவர் என்னை டீச்சர் என்கிறார். அவர் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர் அல்லது மெதடிஸ்தர். அங்கிலிக்கன் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. "எங்கட ஆக்கள் முழுப்பேரும் ஒரு வேனுக்குள்ள அடங்கிருவம்" என்று அவரே பகிடி விடுவார். குருவானவர்கூட மட்டக்களப்பிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார்.

ஓய்வு பெற்ற பிறகு நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மொழிபெயர்ப்பாளர் முத்திரை வாங்கியிருந்தேன். பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், காணி உறுதி என்று வரும். டீச்சர் கொண்டுவந்தது அப்படி ஒன்றல்ல. அவர்களுடைய சேமக்காலையை, அதாவது கல்லறைத் தோட்டத்தை, பேராயர் வந்து பிரதிஷ்டை செய்த அன்று எழுதிய பதிவு. தேவாலயத்தில் இருந்த பிரதி சுனாமிக் கடல் வந்த அன்று போய்விட்டது. கொழும்பிலிருந்து போட்டோப் பிரதி எடுப்பித்திருந்தார்.

"மாடு வந்து கல்லறைக்கு மேல படுத்துக் கிடக்கு டீச்சர். கம்பி வேலியால அதுகள மறிக்கேலாது. மதில் கட்டப்போறம். காணி எதுவரைக்குமெண்டு பழைய பதிவில இருக்குமாம், அதத் தமிழில தந்தா எல்லை குறிச்சுத் தாறமெண்டு காணிக் கந்தோரில சொல்றாங்க."

டீச்சருக்கு ஒரு கண்ணில் அண்மையில்தான் கண்புரைச் சத்திரசிகிச்சை ஆகியிருந்தது. மற்றக் கண்ணில் இன்னும் புகைமூட்டம். அந்தச் சாய்ந்த எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. நான் வாங்கி வைத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சேமக்காலை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். என் மகளின் வீட்டுக்குப் பின்னால். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. என் உம்மா எனக்குத் தந்த காணியில் நான் மகளின் கல்யாணத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தேன். வளவின் பின்புறம் ஒரு பழைய கிணறு, அதைத் தாண்டி மகள் சமைக்கிற குசினி, அதைத் தாண்டிக் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கல்லறைகளின் கடைசி வரிசை. அந்த வரிசையில் வேலியோரமாக டீச்சரின் கணவர் கிடக்கிறார். இரண்டு வருடமாகிறது. சனிக்கிழமைகளில் டீச்சர் வந்து அவருடைய தலைமாட்டில் நட்ட நந்தியாவட்டைக்குத் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் எங்கள் கிணற்றுத் தண்ணீர். மகள் வேலிக்கு மேலால் வாளியை நீட்டுவாள்.

மறுநாள் காலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ரசித்துத்தான் வாசித்தேன். ஊரார் பேராயருக்கு எழுதிய விண்ணப்பம் முதற்பக்கத்தில் இருந்தது. எங்கள் இறந்தவர்களை அடக்கம் செய்ய இடமில்லை, இந்தக் காணியை இன்னார் தருகிறார், வந்து பிரதிஷ்டை செய்து தாருங்கள் என்று. பேராயர் வந்து, குருக்களும் சனங்களும் பின்னால் வர, எல்லையைச் சுற்றி நடப்பாராம். நடக்க நடக்கச் சங்கீதம் பாடுவார்களாம். பிறகு மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்து வைப்பாராம். அந்த நிமிடத்திலிருந்து அந்த நிலம் சாதாரணப் பாவனைக்கு உரியதல்ல. சமைக்க, குடியிருக்க, விற்க, வாங்க எதற்கும் ஆகாது. என்றென்றைக்கும்.

நிலத்தைக் காலால் நடந்து ஒப்புக்கொடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டும் வரைக்கும்.

இரண்டாம் பக்கத்தில் நான்கு எல்லையும் இருந்தன. கிழக்கே கடற்கரைப் பாதை. வடக்கே தென்னந்தோட்டம். தெற்கே ஒழுங்கை. மேற்கே கிணறு.

வேலி அல்ல. கிணறு. கீழே சின்னப் படம் வேறு கீறியிருந்தது. கிணற்றுக்கு ஒரு வட்டம், அதைத் தொட்டுக்கொண்டு கோடு. கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவில் இருப்பது என் மகளின் குசினி.

என் கணவர் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்த்தவர், படம் பார்க்கத் தெரிந்தவர். அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், கிணறு வரைக்கும்தான் கீறி இரிக்கி. அதுக்கென்ன? உன்ர உம்மாட காலத்திலிருந்து நாம இரிக்கிற வளவு. சட்டம் ஆரையும் எழுப்பாது. சும்மா இரி."

"சட்டத்துக்கா நான் பயப்படுறன்? என்றென்றைக்கும் எண்டு எழுதி இரிக்கி. அதுல புள்ள அடுப்பு மூட்டிக்கிட்டு இரிக்காள். அடியில ஆரு கிடக்காங்களோ."

"அப்ப எழுதாத."

"முத்திரை இரிக்கே."

"அப்ப எழுது" என்றுவிட்டு எழும்பிப் போய்விட்டார். முப்பது வருடமாக அவர் இப்படித்தான் உதவி செய்கிறார்.

அன்று மத்தியானம் மகள் வீட்டில் சோறு. குசினி நிலத்தில் கால் வைக்கவே மனம் வரவில்லை. கபுறுக் குழிக்கு மேல் நடப்பது எங்களுக்கும் ஆகாத காரியம். அது யாருடைய கபுறாக இருந்தாலும் ஒன்றுதான். வாசற்படியில் நின்றபடி, பசியில்லை என்றேன். தேத்தண்ணியும் வேண்டாம் என்றேன். மகள் அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள்.

"என்ன உம்மா, என்ர அடுப்பில பேயா இரிக்கி?"

அவள் சும்மாதான் கேட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் செய்ததை ஒளிக்கப்போவதில்லை. அடுத்த நாள் காலையில் பென்சிலால் 'மேற்கே வேலி' என்று எழுதினேன். எழுதிப் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது. கிணறு என்ற இடத்தில் வேலி. டீச்சருக்குக் கண் தெரியாது. கந்தோரில் இந்தச் சாய்ந்த ஆங்கிலத்தை யார் வாசிக்கப் போகிறார்கள்? முத்திரையைப் பார்ப்பார்கள், கோவையில் கோத்து வைப்பார்கள். மதில் வேலி இருக்கும் இடத்தில் எழும்பும். யாருக்கு நட்டம்? டீச்சருக்கே அதுதான் வேண்டும், மாடு வராமல் இருந்தால் போதும்.

பிறகு அழித்தேன். அழித்தது நேர்மையால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பயம். பொய்ச் சத்தியம் என்ற பயம், பிடிபட்டால் என்ற பயம், அல்லாஹ் பார்க்கிறான் என்ற பயம், மூன்றும் சேர்ந்து அழிறப்பரை எடுக்க வைத்தன. மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். கடதாசி அந்த இடத்தில் தேய்ந்து மயிர் எழும்பிவிட்டது.

இந்தக் கூத்தில் இரண்டு நாள் போயிற்று. இரண்டாம் பக்கத்தைத் தாண்டவே இல்லை. மூன்றாம் நாள், எப்படியும் மற்றப் பக்கங்களையாவது செய்து வைப்போம் என்று மேற்கொண்டு போனேன். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. செபங்கள், வந்திருந்தவர்களின் பெயர்கள், கையெழுத்துகள். ஏழாம் பக்கம் அரைப் பக்கம்தான். பேராயரின் எழுத்தர், அன்று நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார்.

அது மாரிகாலம். முந்தின நாட்கள் விடாத மழை. பேராயரும் சனங்களும் கடற்கரைப் பாதையில் தொடங்கி மூன்று பக்கமும் நடந்தார்கள். மேற்கே வந்தபோது கிணற்றுப் பக்கத்துத் துண்டு முழுக்க வெள்ளம். இடுப்பளவு. நடக்க முடியவில்லை. ஆகவே மேட்டில் நின்ற பெரிய பூவரச மரத்தோடு திரும்பிவிட்டார்கள். மரத்துக்கு மேற்கே உள்ள துண்டு இந்தப் பிரதிஷ்டையில் சேராது, அது காணி கொடுத்தவரிடமே இருக்கும், வெள்ளம் வற்றியதும் இன்னொரு நாள் வந்து செய்துகொள்வது என்று முடிவு. இன்னொரு நாள் வந்ததாக எங்கேயும் ஒரு சொல் இல்லை.

நான் கதிரையை விட்டு எழுந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தியதில் என் கணவர் குளியலறையிலிருந்து என்ன என்ன என்று ஓடிவந்தார். பூவரசு இன்றைக்கும் நிற்கிறது. மகளின் குசினி யன்னலால் பார்த்தால் தெரியும், கல்லறைகளுக்கு நடுவில். எங்கள் குசினி அதற்கு எவ்வளவோ மேற்கே. மழைக்கு ஸலாம் சொல்லலாம் போலிருந்தது. இரண்டாம் பக்கத்தில் 'மேற்கே கிணறு' என்று தைரியமாக எழுதினேன். ஏழாம் பக்கத்தை மற்ற எல்லாப் பக்கத்தையும்விடக் கவனமாக எழுதினேன், ஒரு சொல்லும் பிசகாமல். அடியில் கோடு போட்டால் அசிங்கம் என்று மட்டும் விட்டேன். முத்திரை குத்தினேன். மகள் வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தேன்.

பின்னேரம் டீச்சர் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். "வாசிச்சுக் காட்டுங்க டீச்சர், எனக்குப் புகையாத்தான் தெரியுது" என்றார். வாசித்தேன். விண்ணப்பம் வாசிக்கும்போது, "எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கினம் பாருங்க" என்று சந்தோஷப்பட்டார். கிணறு வந்தபோது சற்று நிமிர்ந்தார். நான் மடமடவென்று ஏழாம் பக்கத்துக்குப் போனேன். அதை வாசிக்கும்போது என் குரலில் இருந்த உற்சாகம் எனக்கே கேட்டது.

"அந்தப் பூவரச மரத்து வரிய இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன்.

"மரத்துக்கு மேற்கால சேரலயாமோ?"

"ஓம் டீச்சர். அதோட பிரச்சின முடிஞ்சிது. வேலி நிக்கிற இடத்தப் பற்றி ஒருத்தரும் கதைக்கேலாது."

டீச்சர் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். கணக்கு டீச்சர். வகுப்பிலும் இப்படித்தான், கரும்பலகையில் எழுதுமுன் விரலில் செய்து பார்ப்பார்.

"மரம். பிறகு ஒரு வரிசை. பிறகு இன்னொரு வரிசை. பிறகுதானே இவர்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று நாளாக அந்தத் துண்டுக்குள் நான் ஒரு குசினியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. எத்தனை சனிக்கிழமை அந்த யன்னலடியில் நின்று டீச்சர் கணவரின் கல்லறையைப் பார்த்திருக்கிறேன்.

"இவர அடக்கம் செய்த அண்டைக்கு நல்ல மழை, உங்களுக்கு ஞாபகமிருக்கும். நீங்களும் குடையோட நிண்டீங்க" என்றார் டீச்சர். "குருவானவர் எனக்கிட்டக் கேட்டவர். பிரதிஷ்டை செய்யாத நிலமெண்டா முதல்ல குழிய ஆசீர்வதிச்சுப்போட்டுத்தான் இறக்க வேணும், இது என்ன மாதிரியெண்டு. நான்தான் சொன்னன். இல்ல ஃபாதர், இது பிஷப் வந்து செய்த காணி, அது தேவையில்ல, மழை கூடுது, கெதியா முடிப்பம் எண்டு. நான்தான் சொன்னன்."

"அது உங்களுக்குத் தெரியாதே டீச்சர். ஆருக்கும் தெரியாதே."

"ஓம். தெரியாது."

நான் ஏதேதோ சொன்னேன். ஆண்டவனுக்கு எல்லையும் வேலியும் இல்லை என்றேன். குருவானவரைக் கேட்டால் வழி சொல்வார் என்றேன். டீச்சர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிகிச்சை செய்த கண்ணைத் துடைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும்.

"முத்திரை குத்திட்டீங்களோ?"

"குத்திட்டன்."

"அந்தக் கடைசிப் பக்கத்த எனக்கு வாசிக்காம விட்டிருக்கலாம், டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்தால் சொல்வாரே, அந்தக் குரல்.

என் மகளுக்காக ஒரு சொல்லை மாற்றலாமா என்று இரண்டு நாள் பென்சிலும் அழிறப்பருமாக உட்கார்ந்திருந்தவள் நான். இவருக்காக ஒரு பக்கத்தைப் பிந்தி வாசிக்கலாமா, முதலில் தனியாகச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சனிக்கிழமை வருவாரோ மாட்டாரோ என்று காலையிலிருந்தே மகள் வீட்டுக் குசினியில் நின்றேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது மணிபோல் வந்தார். மகள் வழமைபோல வாளியை வேலிக்கு மேலால் நீட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. டீச்சர் நந்தியாவட்டைக்கு ஊற்றினார். மிச்சத் தண்ணீரைக் கல்லறையின் நீளத்துக்கும் மெல்லத் தெளித்தார், முன்பு அப்படிச் செய்ததில்லை. வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது யன்னலில் என்னைக் கண்டார்.

"குருவானவர் அடுத்த மாசம் வந்து இவரிட இடத்த ஆசீர்வதிக்கிறாராம். அதுவரைக்கும் இப்பிடியே கிடக்கட்டும்."

"ஓம் டீச்சர்."

"நீங்களும் வாங்க. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க."

வருகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.