சிவப்பு மூடி

அந்தத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் லேத் பிரிவு ஆசிரியர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அட்டை வாத்தியார் என்றால் வாட்ச்மேன்கூட வழி காட்டுவார்.

கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் லேத் வந்த அன்று ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே முதல்வர் அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு, அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"பசங்க கை வச்சு கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

உள்ளதைச் சொன்னால், வாத்தியாருக்கு உள்ளூர நிம்மதி. பழைய லேத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிற மனிதர்தான். ஆனால் திரையும் பொத்தானுமாக நின்ற அந்தப் புதுப் பிசாசின் பக்கம் போகவே பயம். மாணவர்கள் முன்னால் எதையாவது தப்பாக அமுக்கி மானம் போவதைவிடப் பூட்டே மேல். பழி முதல்வருக்கு, நிம்மதி இவருக்கு.

ஆனால் பாடத்திட்டத்தில் அது இருந்து தொலைத்ததே! மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, விளம்பரத்தாளில் இருந்த படத்தைப் பார்த்துப் பொத்தான்களை வரைந்தார். ஆபத்தில் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு ஒரு பாட்டில் மூடி. படத்தில் அது இடது மூலையில் இருந்தது. அட்டையின் இடது மூலையோ மழையில் நனைந்து கூழாகியிருந்தது. மூடியை வலது மூலையில் ஒட்டினார். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்புறம் என்பது எப்போது வந்திருக்கிறது? அவருக்கே அது மறந்துபோனது.

அந்த மூடிதான் அவருடைய பெருமை.

"கண்ண மூடுங்க. ஆபத்துல கண்ணு தேட ஆரம்பிச்சா கை போயிடும். கை தானா போய் விழணும்."

பிறகு "நிறுத்து!" என்று ஒரு கத்தல். அத்தனை பேரும், அதைப் பார்த்து ஆளுக்கொன்றாகச் செய்துவைத்த அட்டையில் டப்பென்று வலது மூலையில் அடிப்பார்கள். எல்லாரிலும் வேகம், அதே வகுப்பில் படித்த அவருடைய சொந்த மகள். வீட்டில் சாப்பிடும்போது அவர் விளையாட்டுக்கு "நிறுத்து" என்றாலும், கை தானாகத் தட்டின் வலது ஓரத்தைத் தட்டும்.

"அப்பனுக்கும் பொண்ணுக்கும் நட்டு கழண்டு போச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

படிப்பு முடிந்ததும் மகளுக்கு நெடுஞ்சாலை ஓரத்து ஆலையில் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே கம்ப்யூட்டர் லேத் என்று வாத்தியார் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார். அவள் முதல்நாள் வேலைக்குப் போன காலையில், கல்லூரிக்கு மேலதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். முதல்வர் வேறு வழியில்லாமல் பூட்டைத் திறந்து உறையை விலக்கினார்.

வாத்தியார் அருகில் போய்ப் பார்த்தார். சிவப்புப் பொத்தான் இடது மூலையில் இருந்தது. வலது மூலையில், அவர் மூடி ஒட்டிய அதே இடத்தில், பச்சைப் பொத்தான். அமுக்கினால் முழு வேகத்தில் ஓடத் தொடங்கும்.

மகளுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். ஆலை வாசலில் நின்று மறுபடி அடித்தபோது, காவலாளியின் மேசை இழுப்பறைக்குள்ளிருந்து மணி கேட்டது.

"போனெல்லாம் இங்க குடுத்துட்டுதான் போகணும் சார். உள்ள விட மாட்டாங்க. வேணும்னா அந்தக் கண்ணாடி வழியா பாத்துட்டுப் போங்க."

ஓடினார். பாதி திறந்திருந்த ஜன்னலின் தூசி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாலடி தள்ளி, லேத்தின் முன் மகள் நின்றாள். தன் கதவு திறந்திருந்தால் ஓடக்கூடாத இயந்திரம் அது. வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று யாரோ அந்தப் பாதுகாப்பைக் கம்பியால் கட்டி முடக்கியிருந்தார்கள். உள்ளே மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்த இரும்பிலிருந்து அவள் இடது கையால் சுருண்டு நின்ற சீவலை எடுத்தாள். சட்டைக் கை அதில் சிக்கியது.

வாத்தியார் வாயைத் திறந்தார். தொண்டைக்கு வந்தது ஒரே ஒரு சொல். ஐயோ, அந்தச் சொல் கூடாது! இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவளுக்குப் பின்னால் நின்ற மேற்பார்வையாளரும் சட்டை சிக்கியதைப் பார்த்துவிட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

"நிறுத்து!" என்று அலறினார்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். வலது கை, கொஞ்சமும் பிசகாமல், எழுந்தது.